கதவு முப்பத்தாறு இஞ்ச் ஆன விதம்

நாச்சிமுத்து அறுபத்தொரு வயதில் மறுபடியும் மாணவரானார்.

கரூரில் பஸ் பாடி கட்டும் கம்பெனி அவருடையது. நூற்றிருபது பேர் வேலை செய்தார்கள். அவருக்கு ஆசிரியராக வாய்த்த மெகருன்னிசாவுக்கு வயது முப்பத்தாறு. சிறுதொழில் சங்கக் கட்டடத்தில் சனிக்கிழமைதோறும் முதலாளிகளுக்கு வகுப்பெடுத்தார். கொள்முதல், ஸ்டோர்ஸ், உற்பத்தி, டெலிவரி என்று ஒரு கம்பெனியின் எல்லா வேலையையும் ஒரே இடத்தில் கட்டி மேய்க்கிற சாஃப்ட்வேரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் பாடம்.

நாச்சிமுத்துவிடம் மூன்று நிறுவனங்கள் வந்து காட்டிவிட்டுப் போயிருந்தன. முதல் நிறுவனத்தின் திரையில் வண்ணம் வண்ணமாய்ப் படங்கள் ஓடின. பக்கத்துக் கம்பெனிக்காரர் அதைத்தான் வாங்கியிருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுவதாக இவரும் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனாலும் மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் கேட்டார்.

"மூணு பேரும் நல்லாத்தான் சொல்றாங்க டீச்சர். எதை வாங்கட்டுங்க?"

மெகருன்னிசா பலகையை அழித்துக்கொண்டே கேட்டார். "கடைசியா எந்த பஸ்ஸுக்கு ஆர்டரை நடுவுல மாத்தினாங்க?"

நாச்சிமுத்து யோசித்தார். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடம். அதன் தலைமையாசிரியை மூன்று வாரத்துக்கு முன் போன் செய்திருந்தார். புது நாற்காலிகள் அகலமாம். முப்பது இஞ்ச் கதவில் நுழையாதாம். முப்பத்தாறு வேண்டுமாம்.

"மாத்தியாச்சா சார்?"

"மாத்தாம என்னங்க? நானே மார்க்கெட்டிங்ல சொன்னேனே."

"நீங்க சொன்னது பஸ் வரைக்கும் எப்படிப் போச்சு?"

"போயிருக்குமுங்க."

"திங்கக்கிழமை அது போன வழியில நீங்களும் போங்க. யாரையும் ரூமுக்குக் கூப்பிடாதீங்க. நடந்து போங்க."

திங்கட்கிழமை நாச்சிமுத்து நடந்தார்.

மார்க்கெட்டிங்கில் சொன்னது டிசைனுக்கு மெயிலாகப் போயிருந்தது. டிசைனில் படத்தைத் திருத்திக் கொள்முதலுக்கு அனுப்பியிருந்தார்கள். கொள்முதலில் கதவுக் கண்ணாடியைப் புது அளவுக்கே வரவழைத்திருந்தார்கள். அதுவரை சரி. பஸ் கட்டும் ஷெட்டுக்குள் கால் வைத்தவர் தூணில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

பழைய படம். முப்பது இஞ்ச்.

பஸ்ஸின் இரும்புச் சட்டம் முழுவதும் வெல்டிங் முடிந்து நின்றது. டேப்பை வாங்கி அவரே கதவு வாசலை அளந்தார். முப்பத்தாறு. நம்பாமல் இன்னொரு தரம் அளந்தார்.

"படத்துல முப்பது இருக்குது. நீ எப்படிப்பா முப்பத்தாறு வெச்சே?"

வெல்டர் கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டார். "ஸ்டோர்ஸ் அக்கா வந்து சொன்னாங்க மொதலாளி."

சீட் பிரிவில், அகலக் கதவுக்கு இடம் விட்டுக் கதவோரம் வர வேண்டிய இரண்டு சீட்டைக் குறைத்திருந்தார்கள். அங்கேயும் கேட்டார்.

"ஸ்டோர்ஸ் அக்காதானுங்க."

எஸ்தர் பதினேழு வருஷமாக ஸ்டோர்ஸில் இருந்தாள். இரும்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், முதலாளியே வந்ததைப் பார்த்துப் பதறினாள்.

"கதவு மாறுனது உனக்கு யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. கண்ணாடி பெருசா வந்துச்சு. ஷெட்டுல இருந்து பழைய அளவுக்கே பைப் கேட்டாங்க. ரெண்டும் ஒத்துவரல. போய்க் கேட்டேனுங்க."

"இந்த ஒரு தடவைதானா?"

"தினமும் ஏதாச்சும் இருக்குங்க மொதலாளி. காலையில எல்லாப் பக்கமும் ஒரு சுத்து போய்ட்டு வந்துருவேன். இல்லாட்டி மனசு கேக்காதுங்க."

ரெஜிஸ்டரை எடுக்க அவள் நாலடி நடந்தாள். இடது காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தாள்.

"காலுல என்ன?"

"முட்டி தேஞ்சுபோச்சுங்க. ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க."

"பண்ண வேண்டியதுதானே?"

"ஒரு மாசம் லீவு வேணுங்களே. நான் இல்லாட்டி இங்க ஒண்ணுக்கொண்ணு குழம்பிரும்."

அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. ஊரில் மழை இல்லை என்பதுபோலச் சொன்னாள்.

புது பஸ்ஸின் முன்னால், உள்ளே நுழைய முடியாத நாற்காலியில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பது நாச்சிமுத்துவின் கண்ணுக்குள் வந்து போனது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அந்தப் புள்ளைங்க பஸ் ஏறுதுன்னா அது உங்களாலதானுங்க."

"ஐயோ, என்னங்க மொதலாளி!" எஸ்தர் எழுந்த அழுகையை அடக்கிக்கொண்டு ரெஜிஸ்டரைப் புரட்டினாள். அவர் அவளை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை மூன்று நிறுவனத்தாரையும் மறுபடி வரச் சொன்னார். முன்வரிசையில் எஸ்தரை உட்கார வைத்தார். அவள் எல்லோரிடமும் ஒன்றையே கேட்டாள்.

"பாதி வேலையில கதவு அளவு மாறுனா யார் யாருக்குத் தெரியும்?"

முதல் நிறுவனத்தார் மாதக் கடைசியில் வரும் அறிக்கையைக் காட்டினார்கள். அழகாக இருந்தது. இரண்டாவது நிறுவனத்தார் தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். மூன்றாவதாக ஈரோட்டிலிருந்து இரண்டே பேர் வந்திருந்தார்கள். ஓர் இடத்தில் அளவை மாற்றினார்கள். டிசைன், கொள்முதல், ஷெட், ஸ்டோர்ஸ் நான்கு திரையிலும் சிவப்புக் குறி வந்து நின்றது.

"சீட் பிரிவுக்கு?" என்றாள் எஸ்தர்.

"அதுக்கு இதுல வழி இல்லீங்க. புதுசா எழுதணும். ஒரு வாரம் உங்க கூடவே நடந்து பாத்துட்டு எழுதறோம்."

எஸ்தர் நாச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். "இவங்க வரட்டுங்க."

விஷயம் கேள்விப்பட்டுப் பக்கத்துக் கம்பெனிக்காரர் சிரித்தார். முதல் இரண்டு மாதம் ஷெட்டில் எல்லோரும் ஈரோட்டுக்காரர்களைத் திட்டித் தீர்த்தார்கள். வெல்டர்கள் திரைப் பக்கமே போக மறுத்தார்கள். மெல்ல மெல்லப் பழகியது. ஐந்தாம் மாதம் எஸ்தர் லீவில் போனாள்.

ஆபரேஷன் முடிந்த ஒன்பதாம் நாள் நாச்சிமுத்து அவளைப் பார்க்கப் போனார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நன்றிக் கடிதத்தை அவள் கையில் கொடுத்தார். அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"கம்பெனியில இருந்து எனக்கு ஒரு போன்கூட வரலீங்க மொதலாளி. மொதல்ல பயந்துட்டேன். அப்பறம் நல்லாத் தூங்கினேன்."

அந்தச் சனிக்கிழமை அவர் ஒரு கூடை கொய்யாப்பழத்தோடு மெகருன்னிசாவின் வகுப்புக்குப் போனார். எல்லோரும் கிளம்பும்வரை காத்திருந்து எஸ்தரைப் பற்றிச் சொன்னார்.

"ரொம்ப நன்றிங்க டீச்சர். ஆனா ஒண்ணு கேக்கணும். அந்த மூணு சாஃப்ட்வேரும் உங்களுக்கு அத்துப்படி. நான் வந்து கேட்ட அன்னைக்கே பேரைச் சொல்லியிருக்கலாமே?"

மெகருன்னிசா சொன்னார்.

"மூணையும் எனக்குத் தெரியும் சார். எஸ்தரைத் தெரியாதே."

நாச்சிமுத்து கொய்யாக் கூடையை அவர் மேசைமேல் வைத்தார். சொல்லவில்லை.