கூப்பிடு தூரத்தில் ஒரு படகு

ஒதியந்திட்டு ஒரு தீவு. நான்கு பக்கமும் காயல். அக்கரைக்குப் போக இரண்டு படகுகள் இருந்தன.

ஒன்று அஞ்சாப்புலியின் டீசல் படகு. மற்றது மடத்துப் படகு. காற்று இருந்தால் அதில் பாய் விரியும். காற்று இல்லாவிட்டால் மின்மோட்டார் ஓடும். நிழலுக்குப் போட்ட கூரையே சூரியத் தகடு. பகல் முழுவதும் அது பேட்டரியை நிரப்பும்.

மடத்தின் தலைவி தைலம்மை. அந்த மோட்டாரைப் பொருத்தியவரும் அவரே. படகை ஓட்டியவர் பக்கிரிசாமி. அவர் தைலம்மைக்குச் சீடர். ஆனால் குருவைவிடப் பதினாறு வயது மூத்தவர்.

பக்கிரிசாமி முப்பது வருடம் அதே காயலில் டீசல் படகு ஓட்டியவர். ஒரு நாள் மடத்துப் படகு தன் பக்கத்திலேயே கடந்து போனதை, அது போன பிறகுதான் பார்த்தார். மறுநாள் மடத்துக்கு வந்தார்.

"அது எப்படிம்மா ஓடுது?"

தைலம்மை சுக்கானை அவர் கையில் கொடுத்தார். அக்கரை போய்த் திரும்பிய பக்கிரிசாமி அந்த வாரமே தன் இன்ஜினைக் கழற்றி விற்றுவிட்டார்.

மாசியில் ஊர் கூடும். இதுவரை இரண்டு படகும் ஆளேற்றின; அடுத்த ஆண்டிலிருந்து ஒன்றுக்குத்தான் துறை, அது யாருக்கு என்று அப்போது முடிவாகும். துறை கிடைத்த படகுதான் ஆளேற்றலாம். மற்றது ஏற்றக் கூடாது. துறை போனாலும் மடத்தில் உலை கொதிக்கும். பக்கிரிசாமிக்கு அப்படி இல்லை. படகு விடுவதைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது. அந்த வயதில் அவரை வேறு படகில் யாரும் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

மடத்துப் படகில் ஆள் ஏறவில்லை.

காரணம் சாதாரணமானது. ஒதியந்திட்டில் படகுக்காக யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. துறையில் இன்ஜின் உறுமும். உடனே பெண்கள் அடுப்பை அணைப்பார்கள். ஆண்கள் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள். இன்ஜின் சத்தம்தான் அழைப்பு. மடத்துப் படகு சொல்லாமல் வந்து நின்றது. சொல்லாமல் கிளம்பிப் போனது.

இறால் விற்கும் காத்தாயி கூடையுடன் துறையில் நின்று பக்கிரிசாமியிடம் சண்டை பிடித்தாள்.

"ஏன் மாமா, இது படகா, பூனையா? வர்றதும் தெரியல, போறதும் தெரியல."

"அரை மணி நேரம் நின்னேனே காத்தாயி."

"நின்னா போதுமா? நிக்கிறேன்னு சொல்ல வேணாமா?"

அஞ்சாப்புலி தன் இன்ஜினை வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் முறுக்கினான்.

"என்ன மாமா, உன் படகு தூங்குதா, செத்துப்போச்சா? மூக்குல கை வச்சுப் பாரு."

துறையே சிரித்தது.

பக்கிரிசாமி மடத்துக்குப் போனார். தைலம்மை முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா! நாம வந்து நிக்கிறது ஊருக்கு எப்படிக் கேட்கும்?"

"பக்கத்துலதானே இருக்கேன் அண்ணே. ஏன் கத்துறீங்க?"

முப்பது வருடம் இன்ஜினுக்குப் பக்கத்தில் இருந்து பேசிய குரல் அது. பக்கிரிசாமி குரலைத் தாழ்த்தி அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

தைலம்மை கீரைக் கட்டில் பாதியை அவர் பக்கம் தள்ளினார்.

பக்கிரிசாமி தானாக ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு நாள் காலையில் அஞ்சாப்புலியின் படகில் போய் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார். மடியில் செல்போன் இருந்தது. இன்ஜின் சத்தம் முழுவதையும் அது பதிவு செய்துகொண்டது. பிறகு அக்கரைக் கடையில் ஒரு ஸ்பீக்கர் வாங்கிவந்து மடத்துப் படகின் பேட்டரியில் இணைத்தார்.

மறுநாள் துறையில் டீசல் இன்ஜின் உறுமியது. ஊர் ஓடி வந்தது. மடத்துப் படகில் உட்கார இடம் இல்லை.

ஒரே ஒரு குறை இருந்தது. பதிவின் நடுவில் அஞ்சாப்புலியின் குரலும் விழுந்திருந்தது. இன்ஜின் உறுமும். பிறகு, "அந்தக் கயித்தை இழுடா, சோம்பேறி!" என்று ஒரு அதட்டல் வரும். மறுபடி உறுமும். ஒவ்வொரு நடையிலும் ஏறியவர்கள் அந்த இடத்துக்காகக் காத்திருந்து கூடவே சேர்ந்து கத்தினார்கள்.

"என் இன்ஜினுக்கு வாடகை வேணாம் மாமா. என் குரலுக்காவது குடு" என்றான் அஞ்சாப்புலி.

பக்கிரிசாமி கவலைப்படவில்லை. ஆள் ஏறினால் போதும்.

ஒரு நாள் மாலை தைலம்மை படகில் ஏறினார். அக்கரையிலிருந்து திரும்பும் நடை. காற்று இல்லை. மோட்டார் ஓடியது. ஸ்பீக்கரும் ஓடியது. நடுக்காயலுக்கு வந்ததும் அவர் ஸ்பீக்கரைக் காட்டினார்.

"இது எதுல ஓடுது?"

"பேட்டரியிலம்மா."

"சத்தம் இல்லாத மோட்டாருக்குன்னு கூரை பூரா தகடு போட்டேன். சத்தத்துக்கும் சேர்த்தா போட்டேன்?"

பக்கிரிசாமி தலையைச் சொறிந்தார். "இதை நிறுத்துனா யாரும் ஏற மாட்டாங்கம்மா. மாசி வந்துடும்."

தைலம்மை கம்பியைப் பிடுங்கினார்.

"இப்ப என்ன கேட்குது?"

"ஒண்ணும் கேட்கல."

"இருங்க."

படகு போய்க்கொண்டே இருந்தது. முதலில் பலகைக்கு அடியில் தண்ணீர் உரசுவது கேட்டது. பிறகு எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது. பிறகு, மிகத் தொலைவில், இழுத்து இழுத்து ஒரு குரல்.

"ஓ... படகு... ஓ..."

பக்கிரிசாமி திரும்பிப் பார்த்தார். விட்டுவந்த கரையில் யாரும் தெரியவில்லை. மறுபடி குரல் வந்தது. அது துறையிலிருந்து வரவில்லை. துறைக்குத் தெற்கே, தாழைப் புதருக்குப் பின்னாலிருந்து வந்தது. அவர் சுக்கானைத் திருப்பினார்.

காத்தாயி காலி கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தாள். அஞ்சாப்புலியின் படகைத் தவற விட்டவள். வேறு படகு தேடிக் கரையோரம் நடந்து நடந்து கால் வீங்கியிருந்தது. அவளை ஏற்றிக்கொண்டு படகு திரும்பியது.

"நல்லவேளை, இன்னைக்குக் கூப்பிட்ட" என்றார் பக்கிரிசாமி.

காத்தாயி அவரை முறைத்தாள்.

"இன்னைக்கா? நான் எப்பவும்தான் கூப்பிடுறேன் மாமா. நீ டீசல் ஓட்டுன காலத்துலேருந்து கூப்பிடுறேன். நீ எப்ப காதுல வாங்கின?"

பக்கிரிசாமி படகைக் கரை சேர்த்தார். அன்றே ஸ்பீக்கரைக் கொண்டுபோய் மடத்துப் பாத்திர அறையில் வைத்தார்.

அதன் பிறகு அவர் நடுக்காயலில் பேச்சை நிறுத்திவிடுவார். ஏறியிருப்பவர்களும் வாயை மூட வேண்டும். கரையிலிருந்து பள்ளிக்கூடத்து டீச்சர் கை தட்டிக் கூப்பிடுவார். உப்பளத்துக் காவல்காரர் இரும்புக் கம்பியைத் தட்டுவார். வலைக்காரர்கள் சீழ்க்கை அடிப்பார்கள். துறைக்கு வர வேண்டியதில்லை; தீவின் எந்த மூலையிலிருந்து கூப்பிட்டாலும் படகு அங்கே வந்தது. கர்ப்பிணி ஒருத்தி தன் வீட்டுக் கொல்லையில் நின்று கூப்பிட்டு அங்கேயே ஏறினாள்.

தை முடிந்தபோது ஊரில் பாதிப் பேர் மடத்துப் படகில் போனார்கள். மீதிப் பாதி இன்ஜின் சத்தத்துக்கே ஓடியது. பழகிய கால்கள் அப்படி. பாதி போதாது.

மாசியில் ஊர் கூடியது. நாட்டாண்மை பஞ்சநாதம் வந்து உட்கார்ந்தார். மிக மெதுவாகப் பேசுகிறவர் அவர். அவர் வாயைத் திறந்தால் ஊர் முன்னால் சாயும்.

அஞ்சாப்புலி எழுந்தான்.

"என் படகு கிளம்புனா ஊரே எந்திரிக்கும். இவர் படகு வந்தா ஈ கூட எந்திரிக்காது. எது துறைக்கு வேணும்னு நீங்களே சொல்லுங்க."

சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆனது.

"பக்கிரி, நீ என்ன சொல்ற?" என்றார் நாட்டாண்மை.

பக்கிரிசாமி தைலம்மையைப் பார்த்தார். தைலம்மை காயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர் கூப்பிடட்டும் நாட்டாண்மை. நான் வர்றேன்."

அவர் குரல் தாழ்ந்திருந்தது. கடைசி வரிசையில் இருந்தவர்கள் என்ன சொன்னார் என்று பக்கத்தில் கேட்டார்கள்.

"சொல்றது சுலபம்" என்றார் நாட்டாண்மை. "பார்த்துடுவோம். ரெண்டு படகும் நடுக்காயலுக்குப் போங்க. ஓடுற படகுதான் துறைப் படகு. அதனால எதையும் அணைக்கக் கூடாது. ரெண்டு பேரும் ஊரைப் பார்த்து உட்காருங்க. நான் எந்தக் கரைக்காவது போய்க் கூப்பிடுறேன். யார் முதல்ல வந்து என்னை ஏத்துறாங்களோ, துறை அவங்களுக்கு."

அன்று காற்று அடியோடு இல்லை. பாய் சுருட்டியே கிடந்தது. மடத்துப் படகில் தைலம்மையும் காத்தாயியும் ஏறிக்கொண்டார்கள். ஊர் முழுவதும் கரையில் நின்றது.

அஞ்சாப்புலி இன்ஜினை முடிந்தவரை அடக்கினான். அடங்கிய பிறகும் அது டுபு டுபு என்றது. இரண்டு படகுக்கும் நடுவில் நிறைய இடைவெளி இருந்தது. இருந்தாலும் அந்தச் சத்தம் பக்கிரிசாமி வரை வந்தது.

"இந்தச் சத்தத்துல உனக்கு எங்க கேட்கப் போவுது?" என்று காத்தாயி முணுமுணுத்தாள்.

"பேசாம இரு."

அவள் வளையலைக் கூடக் கையால் பிடித்துக்கொண்டாள்.

நேரம் போனது. கரையில் நின்றவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அஞ்சாப்புலி கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் இரண்டு பக்கமும் ஓட்டிக்கொண்டிருந்தான். பக்கிரிசாமி கண்ணை மூடியிருந்தார்.

நாட்டாண்மைக்குக் கத்தத் தெரியாது. ஒருவர் வீட்டு வாசலில் நின்று விசாரிப்பதுபோலத்தான் அவருக்குக் கூப்பிட வரும்.

"யாராவது வர்றீங்களா?"

பக்கிரிசாமி கண்ணைத் திறந்தார். சுக்கானை ஒடித்துத் திருப்பினார். படகு வடக்கே பாய்ந்தது.

"அங்க ஒண்ணுமே இல்லையே மாமா! வெறும் நாணல்!" என்றாள் காத்தாயி.

"இருக்கார்."

கரையில் யாரோ கத்தினார்கள். பிறகு ஊரே கத்தியது. அப்போதுதான் அஞ்சாப்புலி திரும்பிப் பார்த்தான். பார்த்ததும் இன்ஜினை முழு வேகத்தில் முறுக்கி, குறுக்கே ஆழமில்லாத மேட்டுப் பக்கமாக விட்டான். அங்கே கிழிந்த வலை ஒன்று சேற்றில் புதைந்து கிடந்தது. அது படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொண்டது. இன்ஜின் இருமி நின்றது.

நாணலுக்குப் பின்னால் நாட்டாண்மை முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி படகில் ஏறினார்.

"எத்தனை தடவை கூப்பிட்டீங்க?" என்றாள் காத்தாயி.

"ஒரு தடவை. தொண்டையைச் செருமிட்டு இன்னொரு தடவை கூப்பிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வந்துட்டான்." அவர் பக்கிரிசாமியின் தோளைத் தட்டினார். "துறை உன்னுதுப்பா."

படகு ஊரை நோக்கித் திரும்பியது. ஊர் தண்ணீருக்குள்ளேயே இறங்கி வந்துகொண்டிருந்தது. பெண்கள் குலவை இட்டார்கள். யாரோ குடத்தைக் கவிழ்த்துத் தாளம் போட்டார்கள். சிறுவர்கள் நீந்தி எதிரே வந்தார்கள். காத்தாயி கூடையைத் தட்டிப் பாட ஆரம்பித்தாள். பக்கிரிசாமி எழுந்து நின்றார். துண்டை அவிழ்த்துத் தலைக்கு மேலே சுழற்றினார். முப்பது வருடத்துக் குரலும் திரும்பி வந்திருந்தது.

"பார்த்தீங்களாடா! எங்கடா ஈ? எந்திரிச்சுதா, இல்லையா?"

ஊர் இன்னும் பெரிதாகக் கத்தியது. நாட்டாண்மை கூடச் சிரித்துவிட்டார்.

தைலம்மையும் சிரித்துக்கொண்டிருந்தார். திடீரென்று தலையைத் தூக்கினார்.

"அண்ணே, யாரோ கூப்பிடுறாங்க."

"ஊரே கூப்பிடுதும்மா!"

"அது இல்ல. வேற ஒரு குரல். எந்தப் பக்கம்?"

பக்கிரிசாமி துண்டை இறக்கினார். காத்தாயி பாட்டை நிறுத்தினாள். படகில் பேச்சு அடங்கியது. பக்கிரிசாமி காதைக் கொடுத்தார். அவர் முகம் மாறியது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அது அஞ்சாப்புலிம்மா."

"யாருன்னு நான் கேட்கல அண்ணே. எந்தப் பக்கம்னு கேட்டேன்."