இலைக்கும் இலைக்கும் நடுவில்

“என் இலையை ஏம்மா தினமும் தள்ளித் தள்ளிப் போடறீங்க?” என்று ஆவுடையப்பன் கேட்டார்.

இதைக் கேட்க அவருக்கு இருபத்தொரு நாள் பிடித்தது. அதுவும் மழைத்துளி ரசத்தில் விழுந்த பிறகு.

வெள்ளையம்மா ரச வாளியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் போய்விட்டார்.

இது நடந்த ஈச்சமலை மடம் என்பது ஒரு ஓட்டுக் கூடமும் ஒரு மாட்டுக் கொட்டகையும்தான். அதை நடத்தும் வெள்ளையம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. கேள்வி கேட்க வந்த ஆவுடையப்பனுக்கு அறுபத்து மூன்று. முப்பது வருடம் வேறொரு மலைமேல் தொலைநோக்கியின் முன்னால் உட்கார்ந்து, விண்மீன் கூட்டங்கள் நம்மைவிட்டு எவ்வளவு வேகமாக விலகிப் போகின்றன என்று அளந்தவர். வேறு எதையும் அவர் உருப்படியாக அளந்ததில்லை என்று அவர் மனைவி கோமதி ஒரு காலத்தில் கேலி செய்வாள்.

வந்த அன்றைக்கே அவர் தன் கேள்வியை இறக்கி வைத்துவிட்டார். சுருக்கமாகச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

இந்தப் பிரபஞ்சம் இட்லி மாவு மாதிரி பொங்கிக்கொண்டிருக்கிறது என்றார். ஆனால் பாத்திரம் கிடையாது. ஓரமும் கிடையாது, நடுவும் கிடையாது. மாவில் கிடக்கும் கடுகு எதுவும் தானாக நகர்வதில்லை, கடுகுக்கும் கடுகுக்கும் நடுவே இருக்கும் மாவுதான் வளர்கிறது. எவ்வளவு தூரமோ அவ்வளவு வேகமாக விலகும். அந்த வேகமும் கூடிக்கொண்டே போகிறது.

“எது பொங்க வைக்குது?” என்று வெள்ளையம்மா கேட்டார். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“இருள் ஆற்றல்னு பேர் வெச்சிருக்கோம். என்னன்னு தெரியாது.”

“தெரியாததுக்கு எதுக்குப் பேரு?”

ஆவுடையப்பன் அதைக் காதில் வாங்காமல் மேலே சொன்னார். ஒருநாள் தூரத்துக் கூட்டங்கள் எல்லாம் எட்டாத இடத்துக்குப் போய்விடும். அங்கிருந்து கிளம்பும் வெளிச்சம் எந்தக் காலத்திலும் நமக்கு வந்து சேராது. மிச்சமிருக்கும் நட்சத்திரங்களும் ஒவ்வொன்றாக அணையும். பிறகு இருட்டு, குளிர். பார்க்கவும் ஆள் இருக்காது.

“எல்லாம் விலகித்தான் போகும்னா, ஒண்ணை இறுக்கிப் பிடிச்சு என்னம்மா ஆகப் போகுது?”

அதுதான் கேள்வி.

வீட்டில் யார் யார் என்று வெள்ளையம்மா விசாரித்தார்.

கோமதிதான் என்றார். அவளுக்கு ஐந்து வருடமாக மறதி. முதலில் சாவி எங்கே என்று மறந்தாள், பிறகு தெரு, பிறகு பெற்ற மகளின் பெயர். கடைசியில் ஒருநாள் காலையில் காப்பியோடு போனவரைப் பார்த்து, “யாரு வேணும்?” என்று கேட்டாள். இப்போது திருநெல்வேலிக்கு வெளியே ஒரு காப்பகத்தில் இருக்கிறாள். நல்ல இடம். இங்கிருந்து நானூறு கிலோமீட்டர்.

முதலில் வாரத்துக்கு இரண்டு தடவை போனார். அப்புறம் வாரம் ஒரு தடவை. அப்புறம் மாதம் ஒரு தடவை. கடைசியாகப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. போனாலும் ஆளே தெரியாதவளிடம் போய் என்ன செய்ய?

“நானும் எங்கேயும் போகலம்மா, அவளும் எங்கேயும் போகல. நடுவுல இடம்தான் வளருது.” அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார்.

“சாப்பிட வாங்க” என்று எழுந்தார் வெள்ளையம்மா.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. இலை போடுவது வெள்ளையம்மாதான். ஆனால் போட்ட இலை போட்டபடி கிடக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மாடு மேய்க்கிறவர் தன் இலையை இழுத்துக்கொண்டு போய்ச் சம்பந்தியின் பக்கத்தில் போட்டுக்கொள்வார். சண்டை போட்ட அக்காளும் தங்கையும் இரண்டு நாள் தள்ளி உட்கார்ந்துவிட்டு, மூன்றாம் நாள் இலையோடு நெருங்கி வந்துவிடுவார்கள். பந்தி என்றால் ஓர் ஒழுங்கு வேண்டாமா என்று ஆவுடையப்பனுக்கு எரிச்சலாக இருக்கும்.

முதல் நாள் அவருடைய இலை வெள்ளையம்மாவின் இலையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. மறுநாள் ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. அதற்கு மறுநாள் இன்னும் ஒன்றரைச் சாண்.

மூன்றாம் நாளே அவர் கவனித்துவிட்டார். முப்பது வருடப் பழக்கம் எங்கே போகும்? சட்டைப்பையிலிருந்த நோட்டை எடுத்து, தேதி போட்டுக் குறித்துக்கொண்டார். தினமும் குறித்தார். பத்தாம் நாள் அவர் கூடத்தின் கடைசித் தூண் ஓரம் இருந்தார். பதினைந்தாம் நாள் வாசலுக்கு வெளியே. பதினெட்டாம் நாள் புளியமரத்தடியில். இருபத்தொன்றாம் நாள் மாட்டுக் கொட்டகையின் பின்னால், தூறலில் உட்கார்ந்து சாப்பிட்டார். கூடத்தில் பேசுகிறவர்களின் சிரிப்பு கேட்டது, பேச்சு கேட்கவில்லை.

அவமானமாக இருந்தது. அதைவிட, தனியாக இருந்தது.

பந்தி முடிந்ததும் வெள்ளையம்மா கொட்டகைக்கு வந்தார். ஈரக் கல்லில் அவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

“நான் எங்கேயும் போகலையே, ஐயா. நீங்களும் எங்கேயும் போகல. நடுவுல இடம்தான் வளருது.”

ஆவுடையப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. “விளையாடாதீங்கம்மா. மொதல்ல ஒரு சாண். அப்புறம் ஒரு முழம். நேத்து மட்டும் பன்னிரண்டு அடி. வேகம் கூடிக்கிட்டே போகுது. எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்.” நோட்டை எடுத்து நீட்டினார்.

வெள்ளையம்மா அதை வாங்கவில்லை.

“உங்க மாவு பொங்குதே, ஐயா. இந்த மலையும் பொங்குதா?”

“இல்ல.”

“இந்த மாடும் கன்னும்?”

“இல்லம்மா. கிட்டக் கிட்ட இருக்கறது ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிச்சுக்கும். அங்கே அந்த ஆற்றல் செல்லாது. நடுவுல ஒண்ணுமே இல்லாம விட்ட இடத்துலதான்…”

அவர் நிறுத்திவிட்டார்.

தூறல் ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளையம்மா அவருடைய எச்சில் இலையைத் தானே சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அளந்தீங்க, சரி. இழுத்துப் போட்டுக்க வேண்டியதுதானே? கை இருக்கே.”

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஆவுடையப்பன் கிளம்பிவிட்டார்.

வழியில் ஒரு ராத்திரி தங்கி, அடுத்த நாள் மதியம் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். சாப்பாட்டு நேரம். நீள மேஜையின் ஒரு கோடியில் கோமதி உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள், தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அவள் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

ஆவுடையப்பன் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

“அங்கன உக்காராதீய” என்றாள் கோமதி. “அது எங்க வீட்டுக்காரக எடம்.”

“நான்தான் கோமதி.”

அவள் மரியாதையாகத்தான் பார்த்தாள். வெளியூர் ஆளைப் பார்ப்பது போல. “அவுக மலைக்குப் போயிருக்காக, நட்சத்திரம் பாக்க. பசியோட வருவாக. நீங்க அந்தால போய் உக்காருங்க.”

எத்தனை நாளாக இப்படி என்று பணிப்பெண்ணைக் கேட்டார். வந்ததிலிருந்தே தினமும் அந்தத் தட்டு உண்டு, அந்த அம்மா யாரையும் தொட விடமாட்டார் என்றாள் அவள்.

ஆவுடையப்பன் எழுந்து மேஜையின் மறுகோடிக்குப் போனார். நடுவில் ஆறு நாற்காலி. சோற்றைப் பிசைந்தபடியே அழுதார். கோமதி சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பக்கத்துத் தெருவில் ஓர் அறை பார்த்துக்கொண்டார். நோட்டை எடுக்கவில்லை.

மறுநாள் மதியம் தன் தட்டைக் கோமதியின் பக்கமாக ஒரு சாண் இழுத்துப் போட்டுக்கொண்டார்.