சனிக்கிழமையும் எழுதிவைத்த நோட்டு

முன்னொரு புதன்கிழமை, பகல் இரண்டேகால் மணிக்கு, மேலநொச்சியூர் ஊராட்சி அலுவலக மேசைமேல் நான்கு நோட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்ததன் பெயர் தொட்டி நோட்டு.

அரசாங்க மேசையில் நோட்டுகளுக்கும் அந்தஸ்து உண்டு. உச்சியில் ஆஸ்பத்திரி நோட்டு. தடித்த அட்டை, டாக்டர் கையெழுத்து. எழுதியிருப்பதில் பாதி அதற்கே புரியாது. அதன் கீழே பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு. சிவப்பு மை, கறாரான பேச்சு. அதற்கும் கீழே அங்கன்வாடியின் எடை நோட்டு. அதன்மேல் எப்போதும் சத்துமாவு வாசம் வீசும். கடைசியில், ஊர்க் குடிநீர்த் தொட்டியில் அன்றாடம் குளோரின் பவுடர் போட்டதைக் குறித்து வைக்கும் தொட்டி நோட்டு.

அடியில் கிடந்தாலும் தொட்டி நோட்டுக்கு ஒரு பெருமை இருந்தது. நான்கிலும் சுத்தமானது அதுதான். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, ஒரு நாள்கூட விடுபட்டதில்லை. ஒவ்வொரு தேதிக்கு நேராகவும் 'போடப்பட்டது' என்று முத்து முத்தாக எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் இருக்கும்.

ஆய்வுக்கு அதிகாரி பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

"வண்டி பஞ்சராம்," என்று போனைச் சட்டைப்பையில் போட்டார் தலைமையாசிரியர் இருதயராஜ்.

"போன தடவையும் பஞ்சர்தான சார்," என்றாள் அங்கன்வாடி உலகம்மாள். "அந்த வண்டிக்கு டயரே கெடையாது போல."

கிராமச் செவிலியர் எஸ்தர் சிரித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தாள். "செத்த கண்ண மூடுதேன்க்கா. கார் சத்தம் கேட்டா எழுப்புங்க."

தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி, தெருக்களுக்குத் திறந்துவிடும் சுடலைமுத்து சன்னலோரம் நின்றார். மற்ற மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே படிக்கட்டில் போய்க் குந்தினார். தலைமையாசிரியர் டீ குடிக்கக் கிளம்பினார். உலகம்மாள் சுவரில் தலைசாய்த்தாள்.

வெயில் சன்னல் கம்பிகளை நெளிய வைத்தது. சுவரில் தொங்கிய மாவட்டப் படத்தில் நீலக்கோடாக இருந்த ஆறு மெல்ல நகர்வது போலிருந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பெருமூச்சு விட்டது. மனிதர்கள் பாதித் தூக்கத்தில் மிதக்கும் அந்த நேரத்தில்தான் நோட்டுகளுக்குப் பேச்சு வரும்.

"இன்னும் எத்தனை நேரம் இப்படி அமுக்கிக்கொண்டு கிடப்பீர்?" என்று மேலே பார்த்துக் கேட்டது வருகைப் பதிவேடு. "கொஞ்சம் இளைத்துத்தான் வரக்கூடாதா?"

"இது நோயாளிகளின் கனம்," என்றது ஆஸ்பத்திரி நோட்டு.

"பெரிய கனம். இந்த மாதம் அப்படி யாரை எழுதிவிட்டீர்?"

"கீழத்தெருவில் வயிற்றுப்போக்கு, ஆறு பேர். மழைக்காலத்தில் வழக்கம்தான்."

"எனக்கும் கீழத்தெருதான். ஒன்பது பிள்ளைகள் இந்த வாரம் வரவில்லை. கோவில் கொடை விழா முடிந்த அசதி என்று சார் சொன்னார். அப்படியே எழுதிக்கொண்டேன்."

எடை நோட்டு தயங்கித் தயங்கிப் பேசியது. "எனக்கு நாலு பேர். நாலு பேருக்கும் எடை இறங்கியிருக்கிறது. தாய்மார் சரியாக ஊட்டுவதில்லை என்று எழுதியிருக்கிறது. அதில் பொன்மதி என்று ஒரு பிள்ளை. மூன்று வயது. போன மாதம் பதினொரு கிலோ இருநூறு. வெள்ளிக்கிழமை ஒன்பது கிலோ அறுநூறு. திங்கள்கிழமையிலிருந்து அவள் வரவே இல்லை. உம்மிடம் வந்தாளா?"

ஆஸ்பத்திரி நோட்டு தன்னைத்தானே புரட்டிப் பார்த்தது. "இல்லை. அந்தப் பேரே என்னிடம் இல்லை."

"அப்படியானால் எங்கே இருக்கிறாள்?"

மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"ஆறும் ஒன்பதும் நாலும் பத்தொன்பது," என்றது வருகைப் பதிவேடு. அதன் குரலில் கறார் குறைந்திருந்தது.

"அவசரப்படாதே," என்றது ஆஸ்பத்திரி நோட்டு. "உன் முத்துச்செல்வியை நானும் எழுதியிருக்கிறேன். ஒரு பிள்ளையை இரண்டு தரம் எண்ணினால் அவளுக்கு இரண்டு வயிறா முளைக்கும்?"

பெயர் பெயராக வாசித்தார்கள். ஐந்து பெயர்கள் இரண்டு நோட்டுகளிலும் இருந்தன. அவற்றைக் கழித்தால் பதினான்கு. பதினான்கு பேர், ஒரே தெரு. இத்தனை நாளும் ஒருவர் முதுகில் ஒருவர் கிடந்தும் இதை அவர்கள் கேட்டுக்கொண்டதில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு சின்ன எண் இருந்தது. அந்தச் சின்ன எண்ணுக்கு ஆளுக்கொரு காரணமும் இருந்தது.

"மேலத்தெருவில் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். நடுத்தெருவில் வீட்டுக்கு வீடு போர் போட்டிருக்கிறார்கள்," என்றது எடை நோட்டு. "கீழத்தெருவுக்குத் தொட்டிக் குழாயை விட்டால் வேறு போக்கில்லை."

மூன்றும் கீழே பார்த்தன.

"அடியில் கிடப்பவரே, உம்முடைய பாடு எப்படி?"

"எல்லாம் ஒழுங்காக இருக்கிறது," என்றது தொட்டி நோட்டு. "எந்த நாளும் விடுபடவில்லை. இந்த வாரம்கூட, ஞாயிறு வரைக்கும் முழுசு."

"ஞாயிறு வரைக்குமா?" என்றது வருகைப் பதிவேடு. "இன்றைக்குப் புதன்தானேவே?"

தொட்டி நோட்டு தன் சுத்தம் முழுவதும் ஒரே மூச்சில் தன்னைவிட்டு இறங்குவதை உணர்ந்தது.

முன்பு ஒருநாள், பவுடரைப் போட்டுவிட்டு, எழுதுவதைச் சாயங்காலத்துக்குத் தள்ளியிருந்தார் சுடலைமுத்து. மதியமே அதிகாரி வந்துவிட்டார். காலியாகக் கிடந்த கட்டத்தைக் காட்டி நாலு பேர் முன்னால் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டினார். தண்ணீரில் மருந்து போட்டாயிற்றா என்று கேட்கவில்லை. மறுவாரத்திலிருந்து சுடலைமுத்து திங்கட்கிழமை காலையிலேயே ஏழு நாளுக்கும் சேர்த்து எழுத ஆரம்பித்தார். எழுதினாலும் தவறாமல் போட்டும் வந்தார். மூன்று வாரத்துக்கு முன் பவுடர் மூட்டை காலியானது. ஒன்றிய அலுவலகத்துக்கு நடந்தார். அங்கே நோட்டை வாங்கிப் பார்த்தார்கள். "இந்த வாரம் முழுக்கப் போட்டாச்சுன்னு இருக்கு. பெறகு எதுக்கு பவுடர்? அடுத்த வாரம் வாரும்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை வந்தது. கட்டத்தைக் காலியாக விட அவருக்குத் தைரியம் வரவில்லை. தொட்டி நோட்டு மையைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது.

"நான் சொன்னால் அவர் வேலை போய்விடும்," என்றது அது இப்போது. "மழையில் தொட்டிமேல் ஏறும்போது என்னைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஏறுகிறவர். ஒரு சொட்டு என்மேல் பட விட்டதில்லை."

யாரும் அதைத் திட்டவில்லை. எடை நோட்டு மட்டும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. "ஒன்பது கிலோ அறுநூறு. அது வெள்ளிக்கிழமை எடை."

தொட்டி நோட்டு வெகுநேரம் யோசித்தது, அல்லது மின்விசிறி நாலு சுற்றுச் சுற்றும் நேரம். நோட்டுகளால் மனிதர்களோடு பேச முடியாது. திறந்து கிடக்க மட்டும்தான் முடியும்.

"என்மேலிருந்து இறங்குங்கள்," என்றது.

"எங்கே இறங்க? கீழே விழவேண்டியதுதான்," என்றது ஆஸ்பத்திரி நோட்டு. "என் அட்டை போய்விடும்."

"போனால் போகட்டும்வே," என்றது வருகைப் பதிவேடு.

அடுத்த காற்றுக்கு ஆஸ்பத்திரி நோட்டு நகர்ந்தது. அது போன வழியில் வருகைப் பதிவேடு. அதன்பின் எடை நோட்டு. கடைசியாகத் தொட்டி நோட்டும் மேசை விளிம்பைத் தாண்டியது. நான்கும் தரையில், பக்கத்தில் பக்கத்தில், விரிந்து மல்லாந்து விழுந்தன.

எஸ்தர் திடுக்கிட்டு விழித்தாள். கனவில் யாரோ எடை சொல்லிக்கொண்டே இருந்தது போலிருந்தது. பொறுக்கி எடுக்கக் குனிந்தவள், எடுக்கவில்லை. முத்துச்செல்வி என்ற பெயர் தன் நோட்டில் இருந்தது. ஒரு முழம் தள்ளி, வருகைப் பதிவேட்டிலும் இருந்தது. அவள் முழங்காலிட்டு, விரல் வைத்து, நான்கையும் வாசித்துக்கொண்டே போனாள். விரல் கடைசி நோட்டில் நின்றது.

"சுடலமுத்தண்ணே," என்று வாசல்பக்கம் கூப்பிட்டாள். "இன்னைக்கு என்ன கெழம?"

"புதன், சிஸ்டர்."

"சனிக்கெழமைக்கு குளோரின் போட்டாச்சுன்னு இருக்கு."

சுடலைமுத்து உள்ளே வந்து தரையைப் பார்த்தார். பிறகு சன்னல் வழியாகத் தொட்டியைப் பார்த்தார்.

"பவுடர் தீந்து மூணு வாரமாச்சு. கேக்கப் போனேன். நோட்டக் காட்டித் திருப்பி அனுப்பிட்டாங்க."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"நீங்க என்னைக்காவது கேட்டியளா சிஸ்டர்?"

எஸ்தர் உலகம்மாள் பக்கம் திரும்பினாள். "அக்கா, இந்தப் பொன்மதி எங்க?"

"மாமன் வீட்டுக்குப் போயிருப்பான்னு நெனச்சேன்," என்று எழுந்து நின்றாள் உலகம்மாள்.

"அது எங்கயும் போகல," என்றார் சுடலைமுத்து. "காலையில வால்வு தெறக்கப் போனேன். வாசல்ல படுத்துக் கெடந்துச்சு. கூப்பிட்டுப் பாத்தேன். முழிச்சுச்சு, பேசல. கண்ணு ரெண்டும் உள்ள போயிருந்துச்சு."

அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் உட்காரவில்லை. டீ குடித்துவிட்டு வந்த தலைமையாசிரியர் நூற்றெட்டுக்குப் போன் போட்டார். எஸ்தர் பையில் இருந்த உப்பு சர்க்கரைப் பொட்டலங்களை அள்ளிக்கொண்டு அவர் வண்டியில் பின்னால் ஏறினாள். உலகம்மாள் செருப்பை மறந்து நடந்தாள். சுடலைமுத்து வால்வை அடைக்க எதிர்த்திசையில் ஓடினார்.

மூன்றே முக்காலுக்கு அதிகாரி வந்தார். அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, ஆள் இல்லை. தரையில் கிடந்த நோட்டுகளில் தொட்டி நோட்டை எடுத்தவர், எவ்வளவு சுத்தம் என்று முதலில் மெச்சினார். சனிக்கிழமையைப் பார்த்த பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

பொன்மதி திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தாள். ஏழாம் நாள் வீட்டுக்கு வந்து, பசிக்கிறது என்றாள். பத்து நாள் தாமதித்திருந்தால் என்று யாரோ ஆரம்பித்தபோது, இரண்டு நாள் என்று எஸ்தர் திருத்தினாள்.

சுடலைமுத்துவைப் பத்து நாள் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். மற்ற மூவரும் தங்கள் நோட்டுகளின் பக்கங்களைப் படியெடுத்து, பவுடர் கேட்கப் போனவரைத் திருப்பி அனுப்பிய கதையையும் எழுதி, மேலிடத்துக்கு அனுப்பியிராவிட்டால் அது நிரந்தரமாகியிருக்கும். புதன்கிழமைதோறும் மதியம் நால்வரும் நோட்டுகளை விரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பது அதிலிருந்து வழக்கமானது. அதிகாரி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. நான்காவது நாற்காலி ஒன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது.

தொட்டி நோட்டுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. நாளைய கட்டம் காலியாக இருப்பது, சட்டையில்லாமல் சந்தையில் நிற்பது போலிருந்தது. அடித்தலும் திருத்தலும் வந்தன. போகப்போகப் பழகிக்கொண்டது.

நவம்பர் ஒன்பதாம் தேதிக்கு நேராகச் சுடலைமுத்து எழுதியிருப்பது: 'பவுடர் தீர்ந்துவிட்டது. இன்று போடவில்லை.' அன்று மாலை நான்கு மணிக்கு ஒரு மூட்டை வந்து இறங்கியது.