துள்ளான் தாண்ட மறுத்த பள்ளம்

நெடும்புல் மேட்டில் செம்பா என்ற பெண்குதிரை இருந்தாள். அவள் மகன் துள்ளானுக்கு மூன்று வயது நிறைந்திருந்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டும் வழவழப்பான மேனியுமாக அவன் நடந்து வந்தால் கண் பட்டுவிடும்!

அந்தக் குதிரைக் கூட்டத்தில் ஒரு வழக்கம். மூன்று வயதான ஆண் குதிரை, எல்லோர் முன்னாலும் ஓடைப் பள்ளத்தைத் தாண்டிக் காட்ட வேண்டும். பெரியவர் கரியனுக்குப் பிடித்துவிட்டால் அவனே அடுத்த பொலிகுதிரை. கூட்டத்துக்குத் தலைவனும் அவன்தான், இனிப் பிறக்கும் குட்டிகளுக்குத் தகப்பனும் அவன்தான். பிடிக்காவிட்டால் மேட்டை விட்டே போய்விட வேண்டும். கரியன் உட்பட இதுவரை வந்த பொலிகுதிரைகள் எல்லாம் கிழக்கு மலையில் பிறந்தவை. மேட்டிலேயே பிறந்த ஒருவன்கூடத் தேறியதில்லை. தன் பிள்ளையாவது தேற வேண்டுமே என்று செம்பா வேண்டாத தெய்வமில்லை.

ஆனால் துள்ளானை அவள் மட்டும் வளர்க்கவில்லை. அவனை ஈன்ற கையோடு அவளுக்குக் கடுங்காய்ச்சல் வந்தது. கூட்டத்தோடு போக முடியாமல் மேட்டோரப் பாறைக்காட்டிலேயே படுத்துவிட்டாள். மடியும் வற்றிப்போயிற்று. குட்டி பசியில் கத்தினான். அந்தச் சத்தம் கேட்டுக் குறும்பி என்ற வெள்ளாடு ஓடிவந்தாள். அவளுடைய குட்டியைச் சிறுத்தை தூக்கிப்போய் இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"வாடா ராசா, குடி!" என்றாள் குறும்பி.

எப்படிக் குடிப்பான்? ஆடோ குட்டை, குட்டியோ நெட்டை! குறும்பி ஒரு பாறைமேல் ஏறி நின்றாள். மடி அவன் வாய்க்கு எட்டியது. செம்பா படுத்தபடியே பார்த்துக் கண்ணீர் விட்டாள்.

வெள்ளாட்டுக்கு ஓரிடத்தில் கால் நிற்குமா? பாதிப் பாலில் அடுத்த பாறைக்குத் தாவிவிடுவாள். பாலை விட மனமில்லாமல் துள்ளானும் பின்னாலேயே தாவுவான். அவன் தாவக் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

தேர்வுக்கு முதல் நாள் நீலன் என்ற மயில் வந்தான். கேட்காமலே யோசனை சொல்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"செம்பா! உன் பிள்ளை ஆட்டுப்பால் குடிச்சவன்னு தெரிஞ்சா கூட்டமே சிரிக்கும்! அந்த ஆட்டை வரவிடாதே. எல்லாம் பரம்பரை ரத்தம்னு சொல்லிக்கோ!"

செம்பாவுக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் ஆசை வென்றது. தயங்கித் தயங்கிக் குறும்பியிடம் சொன்னாள்.

"அதுக்கென்னக்கா, நான் வரல. பிள்ளை தேறினா போதும்!" என்றாள் குறும்பி. அன்று முழுக்க அவள் ஒரு தழையைக்கூடக் கடிக்கவில்லை.

மறுநாள் கூட்டம் கூடியது. துள்ளான் பாய்ந்து ஓடிவந்தான். பள்ளத்தின் விளிம்பில் சட்டென்று நின்றுவிட்டான். மறுபடி ஓடிவரச் சொன்னார்கள். மறுபடியும் நின்றான்.

"கிழக்கு மலைக்கே ஆள் அனுப்புங்க!" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னப்பா, பயமா?" என்று கேட்டார் கரியன்.

"பயமில்லைங்க பெரியவரே! ஒரு ஆள் குறையுது. எங்க சின்னம்மா இன்னும் வரல. அவங்களை விட்டுட்டு நான் எப்படித் தாண்டுவேன்?"

நீலன் தோகையை ஆட்டி, 'பேசாதே, பேசாதே' என்று செம்பாவுக்குச் சைகை காட்டினான். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவளை வரவேண்டாம்னு சொன்னது நான்தான்!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "இவன் என் வயித்துல பிறந்தான். ஆனா குறும்பிங்கற வெள்ளாட்டுப் பால்லதான் பிழைச்சான். அவ இல்லைன்னா இவன் இல்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டேனே, பாவி!"

சொல்லிவிட்டு ஓடினாள். மூச்சிரைக்கக் குறும்பியை அழைத்து வந்தாள். அவளைப் பார்த்ததும் துள்ளான் கனைத்தான். அடுத்த நொடி பள்ளத்தைத் தாண்டி அக்கரையில் நின்றான்!

"ஆட்டுக்குக் காத்து நிக்கிறவன் தலைவனா?" என்று நீலன் கேலி செய்தான்.

கரியன் பள்ளத்தின் விளிம்புக்கு நடந்து வந்தார். பிறகு சொன்னார்: "வெள்ளம் வந்தா இந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் நாம பிழைக்கணும். போன மழையில நான்தான் முதல் ஆளாத் தாண்டினேன். பின்னால ரெண்டு குட்டிங்க விட்டுப்போனதைப் பார்க்கல. இன்னைக்கும் என் மனசு ஆறல. ஆள் குறையுதுன்னு நிக்கத் தெரிஞ்சவன்தான் எனக்கு வேணும். இவன்தான் நம்ம பொலிகுதிரை!"

கூட்டம் கனைத்த கனைப்பில் மேடே அதிர்ந்தது. குறும்பிக்குக் கூச்சம் தாங்கவில்லை. "பால்தானேக்கா குடுத்தேன்," என்று முனகினாள்.

"எனக்குப் பிள்ளையையே குடுத்தேடி!" என்று செம்பா அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நம்மை ஆளாக்கியவர்களை மறைப்பது பெருமை ஆகாது. ஊரறிய நன்றி சொல்வதே பெருமை.