சடையன் இடத்துக்கு மூணு உருண்டை

ஒரு ஊரில் ஒரு ஏரி இருந்ததாம். இல்லை, அப்படிச் சொன்னால் சரியாக வராது. ஒரு ஏரியின் ஓரத்தில் ஓர் ஊர் ஒட்டிக்கொண்டிருந்ததாம், அவ்வளவு பெரிய ஏரி. இந்தக் கரையில் நின்று ஆளைக் கூப்பிட்டால், அந்தக் கரைக்குப் போய்ச் சேருவதற்குள் குரலுக்கே மூச்சு வாங்குமாம். முள்ளைப் பார்த்துத் தின்னுங்க, கதை கேக்குற ஜோருல விழுங்கிடாதீங்க. அந்தத் தலைத் துண்டைத் தொடாதே, அது அப்பாவுக்கு.

அந்த ஏரியைச் சுற்றித் தூண்டில் போடுகிறவர்கள் ஆளுக்கு ஓர் இடம் வைத்திருந்தார்களாம். மதகடியில் உட்கார்ந்தால் கெளுத்தி கிடைக்கும். கலிங்கில் தண்ணீர் வழிகிற இடத்தில் துணியை விரித்தால் அயிரை கிடைக்கும். நாணலுக்குள்ளே தவளையைக் கோத்துப் போட்டால் விரால் கிடைக்கும். எல்லாவற்றிலும் நல்ல இடம் மரத்துறைதான். பனங்கட்டைகளைத் தண்ணீருக்குள் ஊன்றி, மேலே பலகை அடித்து, கரையிலிருந்து நாற்பது எட்டு ஏரிக்குள்ளே நீண்டு கிடக்கும். அதன் நுனியில் உட்கார்ந்தால் கெண்டை, ஒவ்வொன்றும் கை நீளம்.

இந்த இடங்களுக்கெல்லாம் வேலியும் கிடையாது, பட்டாவும் கிடையாது. வழக்கம்தான் உண்டு. தினம் காலையில் யார் மீனுக்குத் தவிட்டு உருண்டை போட்டு இடத்தைப் பழக்கி வைக்கிறார்களோ, அவர்களுக்கு அந்த இடம். மூன்று நாள் விட்டுப்போனால் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஆள் செத்துப்போனாலும் அப்படித்தான். வீட்டார் வந்து, ‘அவர் போயிட்டாரு’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இடம் பொதுவாகிவிடும்.

மரத்துறை நுனி சடையனுடைய இடம். அந்தப் பனங்கட்டைகளை ஊன்றினதே அவன்தான். அவன் பெண்டாட்டி பெயர் இருளாயி. அவர்களுக்குக் கல்யாணமாகி இரண்டு ஆடிகூட ஆகவில்லை, அதற்குள் ராஜாவின் ஆட்கள் வந்துவிட்டார்கள். வடக்கே பன்னிரண்டு நாள் நடைத் தூரத்தில் ராஜா புது ஏரி வெட்டுகிறார், ஊருக்கு ஓர் ஆள் வரவேண்டும், கட்டை ஊன்றத் தெரிந்தவன் சடையன், அவன் வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

புறப்படுகிற அன்று சடையன் அவளை மரத்துறை நுனிக்குக் கூட்டிப்போனான். கொட்டாங்கச்சியைக் கட்டையில் மூன்று தட்டுத் தட்டினான். டொக், டொக், டொக். பிறகு மூன்று உருண்டை போட்டான்.

“ஒண்ணு மீனுக்கு, ஒண்ணு இடத்துக்கு, ஒண்ணு நமக்கு. தெனம் போடு புள்ள. மீனு என்னை மறந்துரக் கூடாது.”

“மீனு மறக்கறது இருக்கட்டும். நீங்க மறந்துராதீங்க” என்றாளாம் இருளாயி.

“மூணு ஆடிக்குள்ள வந்துருவேன். தூரத்துலயே பார்ப்பேன். எந்த இடத்துக்கு மேல பறவை சுத்துதோ அங்க நீ இருக்கேன்னு அர்த்தம்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டான். போகிறவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இருளாயி நெல் குத்தப் போவாளாம், கூலியாகத் தவிடு வாங்கிக்கொள்வாளாம். காலையில் மரத்துறை நுனிக்கு வருவாள், மூன்று தட்டுத் தட்டுவாள், மூன்று உருண்டை போடுவாள். கெண்டையெல்லாம் வாயைத் திறந்துகொண்டு மேலே வரும். நாரை வரும், நீர்க்காகம் வரும், ஆலா வந்து தலைக்கு மேலே சுற்றும். ஒரு நாளும் அவள் தூண்டில் போட்டதில்லை. மீன் கூட்டத்தைப் பார்ப்பாள், பிறகு வடக்கே பார்ப்பாள், பிறகு எழுந்து போவாள். மழையில் போட்டாள், காய்ச்சலில் போட்டாள், அவள் அம்மா செத்த அன்றுகூட ஓடிவந்து போட்டுவிட்டு ஓடினாள்.

அந்த ஏரிக்கு ஒரு காவல்காரன், பெயர் கோட்டைச்சாமி. ராஜாவுக்குக் கெண்டைக் குழம்பு என்றால் உயிராம். நல்ல கெண்டை கொடுத்து ராஜாவைக் கையில் போட்டுக்கொண்டால் அரண்மனையில் வேலை வாங்கிவிடலாம் என்று இவனுக்கு ஒரு கணக்கு. அதற்கு மரத்துறை நுனி வேண்டும். மெல்ல வந்தான்.

“தங்கச்சி, ஒரு வருசம் ஆச்சு. அவன் இனி எங்க வரப்போறான்? செத்துட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிரு. உனக்கும் ஒரு முடிவு, எனக்கும் ஒரு இடம்.”

இருளாயி சொன்னாளாம்: “அண்ணே, உங்க வாயில புழுவைக் கோத்தாலும் நல்ல வார்த்தை மாட்டாது போல இருக்கே. அவரு வருவாரு. நகருங்க, மீனுக்கு நேரமாச்சு.”

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாள் மரத்துறை முகப்பில் படலைக் கட்டி, வேலும் கையுமாக நின்றுகொண்டான். ‘ராஜா உத்தரவு, பொம்பளைங்க பலகையில ஏறக் கூடாது.’ ராஜாவுக்கு அப்படி ஓர் உத்தரவு போட்டது கனவில்கூடத் தெரியாது. ஆனால் வேல் பிடித்தவனிடம் யார் கேட்பது? ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று, மூன்று நாள் போயிற்று. நான்காம் நாள் கோட்டைச்சாமி மரத்துறை நுனியில் ஜம்மென்று உட்கார்ந்தான்.

இருளாயி என்ன செய்தாள்? அழுதாள். அழுதுகொண்டே மதகடிக்குப் போனாள். அங்கே கெளுத்தி பிடிக்கிற ஆவுடைக் கிழவி உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி, இடம் போச்சுன்னு அழுதியா?”

“இடம் போகல ஆத்தா. நான் எங்க உருண்டை போடறேனோ அதுதான் அவரு இடம். கொஞ்சம் தள்ளிக்க.”

“தள்ளிக்கிட்டேன், உக்காரு. என் கெளுத்தியும் உன் கெண்டையும் சண்டை போடாது.”

டொக், டொக், டொக். அவ்வளவுதான். மரத்துறைக்கு அடியில் கிடந்த கெண்டையெல்லாம் மதகடிக்கு வந்துவிட்டன. பின்னாலேயே பறவையும் வந்துவிட்டது. மரத்துறையில் கோட்டைச்சாமி நாளெல்லாம் உட்கார்ந்தும் ஒரு நண்டுதான் மாட்டியது, அதுவும் அவன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. சிரிக்காதே, புரையேறும், தண்ணி குடி.

அவன் மதகடிக்கு வந்து விரட்டினான். அவள் கலிங்குக்குப் போனாள், அங்கேயும் விரட்டினான். அவள் நாணலுக்குப் போனாள், மீனும் பறவையும் நாணலுக்குப் போயின. அவனும் கொட்டாங்கச்சி வாங்கித் தட்டிப் பார்த்தான். ஆனால் இருளாயி தட்டினால் சோறு விழும், இவன் தட்டினால் முள் விழும். மீனுக்கு அதுகூடவா தெரியாது?

இப்படியே மூன்றாவது ஆடி வந்தது. இனிமேல்தான் வயிற்றெரிச்சல், கேளுங்க.

புது ஏரி வேலை முடிந்து சடையன் வந்தான். பன்னிரண்டு நாள் நடந்து, தாடியும் புழுதியுமாக, வடகரையில், மழைத் தண்ணீரைக் கொண்டுவருகிற வரத்துக்கால் ஏரிக்குள் விழுகிற சேற்றில் இறங்கி நின்று மரத்துறையைப் பார்த்தான். தூரத்தில் பலகை தெரிந்தது. ஆனால் மேலே ஒரு பறவை இல்லை. இருளாயி அப்போது தென்கரை நாணலுக்குள்ளே இருக்கிறாள், அங்கிருந்து கண்ணுக்கு எட்டாது. காவல் சுற்றிவந்த கோட்டைச்சாமி அவனைப் பார்த்துவிட்டான்.

“சடையா, வந்துட்டியா? வராமலே இருந்திருக்கலாம். நீ செத்துட்டேன்னு உன் பெண்டாட்டியே வாயால சொல்லி இடத்தை விட்டுட்டாப்பா. எங்கயோ வேற ஊருக்குப் போயிட்டா. நம்பலைன்னா நீயே பாரு, உன் இடத்துல பறவை இருக்கா?”

சடையன் பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான். மூன்றாவது முறை பார்த்தான். சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டான். ஊருக்குள் போய் ஒருத்தரைக் கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்கும்தான் ஆத்திரம். என்ன செய்வது, மனசு விட்டுப்போனால் மனுஷனுக்குக் கேள்வி வராது.

நான்கு நாள் கழித்து நாணலிலிருந்தும் அவளை விரட்டினான் கோட்டைச்சாமி. அவள் எங்கே போனாள் தெரியுமா? மிச்சம் இருந்த ஒரே இடம் வரத்துக்கால் முகம்தான். அங்கே யாரும் போகமாட்டார்கள், முழங்கால் சேறு, முழுக்க அட்டை. அரைநாள் நடந்து போய், அந்தச் சேற்றில் நின்று மூன்று தட்டுத் தட்டினாள். யாரோ ஓர் ஆளின் கால் தடம் அங்கே பள்ளமாகப் பதிந்து காய்ந்திருந்தது. ஊன்றிக்கொள்ள வசதியாக இருக்கிறதே என்று அந்தத் தடத்துக்குள்ளேயே தன் காலை வைத்து நின்றாள். அது யார் கால் என்று அவளுக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க? தினம் அதிலேயே நின்றாள், வடக்கே பார்த்தாள், உருண்டை போட்டாள். சேறு ஈரமாகும்போதெல்லாம் அந்தத் தடம் கலைந்துவிடாமல் விரலால் கரையைச் சரிசெய்துவிடுவாளாம். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அடுத்த தை மாசம் ராஜாவே தூண்டில் போட வந்துவிட்டார். ‘என் இடத்தில் தூண்டில் விழும் முன்னே கெண்டை விழும் மகராசா’ என்று கோட்டைச்சாமி அளந்து வைத்திருந்தான். ராஜா மரத்துறை நுனியில் பட்டு விரித்து உட்கார்ந்தார். முதல் தடவை போட்டார், ஒன்றும் இல்லை. இரண்டாம் தடவை போட்டார், பாசி வந்தது. மூன்றாம் தடவை போட்டார், அதே பழைய நண்டு வந்தது.

“ஏனப்பா, கெண்டையெல்லாம் எங்கே?”

“வெயில் மகராசா, அடியில போயிருக்கும்.”

“அப்படியா? அங்கே வடகோடியில் ஊர்ப்பட்ட பறவை சுத்துதே, அது வெயில் காயவா?”

படகைத் தள்ளச் சொன்னார். கோட்டைச்சாமியும் வேறு வழியில்லாமல் ஏறிக்கொண்டான். போய்ப் பார்த்தால் சேற்றில் ஒரு பொம்பளை நிற்கிறாள், சுற்றி மீன் கொதிக்கிறது.

“அம்மா, இது யார் இடம்? நான் தூண்டில் போடலாமா?”

“கூடாது சாமி. என் வீட்டுக்காரரு இடம். அவரு வந்துதான் போடணும்.”

“அவன் எங்கே?”

“நீங்கதானே சாமி கூட்டிட்டுப் போனீங்க.”

ராஜாவுக்கு முகம் தொங்கிவிட்டது. “வேலை முடிந்து போன ஆடியிலேயே எல்லாரையும் அனுப்பிவிட்டேனே அம்மா” என்றார். இருளாயி அப்படியே நின்றாள். கையிலிருந்த மூன்றாவது உருண்டை போடாமலே கையில் கரைந்தது. எல்லாரும் வந்துவிட்டார்கள், அவர் மட்டும் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? மூன்றரை வருஷம் சொல்லாத வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, குனிந்து, கொட்டாங்கச்சியை இன்னொரு தரம் தட்டினாள். டொக், டொக், டொக்.

ராஜா திடுக்கிட்டு எழுந்தார். படகு ஆடியது.

“இந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேனே! என் புது ஏரியில் ஒரு பைத்தியக்காரன் இருக்கிறான். ஊருக்குப் போனவன் திரும்பி வந்துவிட்டான். தினம் காலையில் இப்படித்தான் மூன்று தட்டுத் தட்டி மூன்று உருண்டை போடுவான். நேற்றுத் தண்ணீர் விட்ட ஏரியில் ஒரு மீன்கூட இல்லையே, யாரைக் கூப்பிடுகிறாய் என்று கேட்டேன். ‘மீனு கேக்க வேண்டாம் சாமி, கேக்க வேண்டியவ கேட்டாப் போதும்’ என்றான். ஊருக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். ‘அங்க நான் செத்தவன் சாமி, பெண்டாட்டியே சொல்லிட்டாளாம்’ என்றான்.”

இருளாயி கேட்டாள்: “அப்படின்னு அவருகிட்டச் சொன்னது யாரு?”

ராஜாவும் பார்த்தார், இருளாயியும் பார்த்தாள், படகோட்டியும் பார்த்தான். கோட்டைச்சாமி ஓர் எட்டு பின்னால் வைத்தான், படகிலிருந்து மல்லாக்கச் சேற்றில் விழுந்தான். அட்டை நாலாபக்கமும் ஏறியது. “நான்தான் சொன்னேன், நான்தான் சொன்னேன், தூக்கி விடுங்க” என்று கத்தினான்.

ராஜா தீர்ப்புச் சொன்னார்: “உயிரோடு இருக்கிறவனைச் செத்தவன் என்று சொன்னாய். செத்தவனைத்தான் நாலு பேர் தூக்குவார்கள். இருக்கிறவனை நீ ஒருத்தனே தூக்கி வா. பன்னிரண்டு நாளும் அவன் கால் தரையில் படக் கூடாது.”

அப்படியே தூக்கிவந்தான். ஊரே கரையில் நின்றது. இருளாயி மட்டும் போய் நிற்கவில்லை. மரத்துறை நுனியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இது பொய்யாகப் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம் அவளுக்கு. பலகை அதிர்ந்தது. யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஆலா தலைக்கு மேலே சுற்றியது.

“மீனு மறக்கலையா புள்ள?”

“மீனு மறக்கல” என்றாள்.  கையில் இருந்த உருண்டையில் ஒன்றை அவனிடம் கொடுத்தாள். அவன் போட்டான்.

கோட்டைச்சாமியா? வேல் போயிற்று, வேலை போயிற்று. தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றுகிறான். மதகடியில் உட்காரப் போனால், ‘இங்க ஆள் இருக்கு’ என்பார்கள். கலிங்கில் உட்காரப் போனால், ‘இங்க ஆள் இருக்கு’ என்பார்கள். நாணலில் உட்காரப் போனால், ஆளே இல்லாவிட்டாலும் ஆவுடைக் கிழவி அக்கரையிலிருந்து, ‘அங்க ஆள் இருக்கு’ என்று கத்துவாளாம். இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறானாம்.

அவ்வளவுதான். இல்லாத ஆளுக்கும் இடத்தை வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இடத்தைத் தட்டிப் பறிக்கிறவனுக்குக் கடைசியில் உட்கார ஒரு சாண் கிடைக்காது. ஏரி அவங்களுக்கு, கதை உங்களுக்கு, கழுவாத சட்டி எனக்கு.

எழுந்து கையைக் கழுவுங்க. அந்தத் தலைத் துண்டை மூடி வைங்க, பூனை வந்துரும். அப்பா நேத்தும் வரலைதான், முந்தாநாளும் வரலைதான். அதுக்காக? மூடி வைங்க.