பூங்கோதை போடாத ஓட்டை

பூங்கோதை ரேடியேட்டர் பற்றவைக்கிறவள். அவள் கடை இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் சென்னியப்பன் ஒருநாள் தன் பழைய காரோடு வந்தார். காற்றிலேயே குளிரும் அதன் எஞ்சின் செத்துப்போனதால், பின்பக்கம் தண்ணீரில் குளிரும் எஞ்சினை மாட்டியிருந்தார்கள். ரேடியேட்டருக்குத்தான் இடமில்லை.

“எட்டு வருசம் முன்னால மறைஞ்ச என் சம்சாரம் மரகதத்தோட கார். கண்ணாட்டம் பாத்துக்கறேன். ஒரு ஓட்டை போட்டாலும் கடையைக் காலி பண்ணிரோணும்!”

காற்று புக வழியில்லாமல் எப்படிக் குளிரும்? பெரிய பட்டறைகள் கைவிரித்த வேலை அது. பூங்கோதை காரைச் சுற்றிவந்து, “சரிங்க” என்றாள்.

பத்தாம் நாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கோத்தகிரி மலையேறினார். எஞ்சின் சூடாகவேயில்லை. உச்சியில் இறங்கி முன்பக்க டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னிக் குழியில் ரேடியேட்டர் இருந்தது; அதன் அடியில் தட்டகல ஓட்டை.

“என்ன சொன்னேன் நான்?”

“நான் போடலீங்க. எட்டு வருசமா மழைத்தண்ணி தேங்கித் துரு போட்ட ஓட்டைங்க. ஓரத்தை மட்டும் சீவிவிட்டேன்.”

சென்னியப்பனின் குரல் இறங்கிவிட்டது. “அவ போனப்புறம் இதைத் தொடவே மனசு வரலை, அம்மிணி.”

“இனி ஓட்டுங்கய்யா. ஓடினாத்தான் அதுக்குக் காத்து.”

அவர் சாவியை நீட்டினார். “எறக்கத்துல நீ ஓட்டு. மரகதம் இருந்தவரைக்கும் என்னை ஸ்டியரிங் தொடவிட்டதே இல்லை.”