கல்லுக்குக் காவல்

"ஏழாவது மீனும் போச்சும்மா" என்றார் திருமலைக்கொழுந்து.

கையிலிருந்த பிளாஸ்டிக் பையில், வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் மல்லாந்து கிடந்தது.

கொளத்தூர் மீன் கடைத் தெருவில் கடல்மீன் தொட்டி என்றால் அல்போன்சாதான். வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆனால் ரிட்டயரான தாசில்தார்களே அவள் முன்னால் கைகட்டி நிற்பார்கள். கொழுந்தும் அப்படி ஒரு தாசில்தார்தான்.

"தொட்டியை என்ன பண்ணீங்க?"

"சுத்தமா வெச்சிருந்தேன். வெள்ளிக்கிழமை வீடு கழுவுறப்ப, தொட்டிக் கல்லையும் மணலையும் வெளியே எடுத்து, மஞ்சத்தண்ணில அலசி, வெயில்ல காயவெச்சு..."

"ஐயோ மாதாவே!" அல்போன்சா தலையில் அடித்துக்கொண்டாள். "அது உயிருள்ள கல்லு சார். கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர் அதுல குடியிருக்கு. மீனோட கழிவை அதுங்கதான் தின்னு தண்ணியைக் காப்பாத்துது. வாராவாரம் அத்தனையையும் கொன்னிருக்கீங்க."

கொழுந்து பக்கத்திலிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இப்ப என்ன செய்யறது?"

"புதுக் கல்லு தரேன். கல்லும் தண்ணியும் மட்டும். நாப்பது நாள். மீன் கிடையாது. கை வைக்கக் கூடாது."

"நாப்பது நாளா? வடிவுக்கு டாக்டர் சொன்னதே ஒரு மாசம்தானேம்மா!"

மனுஷன் கடை என்றும் பார்க்காமல் அழுதார். படுத்த படுக்கையாகிவிட்ட மனைவி வடிவு வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். கட்டிலிலிருந்து பார்க்க, உயிரோடு ஒரு கடல்மீன். நேற்று இந்த மீன் அவள் கண்ணெதிரேதான் செத்தது. அப்போது சுவர்ப்பக்கம் திரும்பியவள் இன்னும் வாய் திறக்கவில்லை.

"வேற வழியே இல்லையா?"

"இல்ல. இப்ப விட்டா எட்டாவதும் அவங்க கண்ணு முன்னாடிதான் சாகும்."

அல்போன்சாவின் பார்வை அவர் விரல்களில் நின்றது.

"கையைக் காட்டுங்க சார்."

காட்டினார். விரலெல்லாம் ஈரத்தில் ஊறி, வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"தொட்டி கழுவினதுக்கு மட்டும் இப்படி ஆகாதே?"

"அவளைத் துடைச்சு விடுவேன். விரிப்பை அலசுவேன். தரையைத் துடைப்பேன். மறுபடியும் துடைப்பேன். சும்மா உட்கார்ந்தா அவ முகத்தைப் பார்க்கணும். அது என்னால முடியலம்மா."

அல்போன்சா உப்புத்தண்ணீர் வாளியில் கல்லைப் போட்டுக் கொடுத்தாள். அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலையும் தூக்கி ஆட்டோவில் வைத்தாள்.

"இதைத் தொட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவுல போடுங்க. உட்காருங்க. கை மடியில இருக்கட்டும்."

"எதுக்கு?"

"கல்லுக்குக் காவல்."

முதல் நாள் நூறு தடவை எழுந்தார். அடுத்த நாள் கொஞ்சம் குறைந்தது. பத்தாம் நாள் கண்ணாடியில் பழுப்பாய்ப் பாசி படர்ந்தது. துடைக்கச் சொல்லிக் கை பரபரத்தது. துணியைக்கூட எடுத்துவிட்டார்.

கல்லைப் பார்த்தார். துணியைக் கீழே போட்டார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கட்டில் பக்கம் திரும்பி, வடிவின் முதுகைப் பார்த்து விம்மி விம்மி அழுதார்.

கட்டில் கிரீச்சிட்டது. வடிவு மெல்லப் புரண்டாள். எலும்பாய்ப் போன விரல்கள் நீண்டு வந்து, அவர் மடியிலிருந்த கையைப் பிடித்துக்கொண்டன.

"அப்பாடி" என்றாள். "ஒருவழியா இந்தக் கை சும்மா இருக்கு."